அத்தைக்குச் சர்க்கரை, மகளுக்கு ரத்தசோகை: ஒரே சமையலில் முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நாலு பேர். கணவர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார். நான் வீட்டிலேயே தையல். மாமியாருக்கு 64 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். கீழ்ப்பல் எல்லாம் விழுந்துவிட்டது. மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2 என்றார்கள். மளிகை, காய், பால் எல்லாம் மாதம் 7,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். அதில் ஓட்ஸ், சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மாவு, மகளுக்குச் சத்துமாவு டப்பா என்று 1,100 ரூபாய் போய்விடுகிறது. அத்தைக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி. எங்களுக்குத் தனியாக இன்னொரு சமையல். சிலிண்டர் 25 நாள்கூட வருவதில்லை. இவ்வளவு செய்தும் அத்தைக்குச் சாப்பிட்ட பிறகு சர்க்கரை 280 காட்டுகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
(பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. ஊரில் நாலு பேர் சொன்னதையெல்லாம் நம்பி, கையில் இருக்கிற காசுக்கு மேலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக்கு ஒரே சமையல் போதும். மாற வேண்டியது தட்டில் விழுகிற அளவு.

முதலில் அந்தக் கேழ்வரகுக் கஞ்சி. கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதை நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பெரிய டம்ளரில் ஊற்றிக் குடித்தால் மெல்லுகிற வேலையே இல்லை. குடலுக்கும் உடைக்கிற வேலை குறைவு. மாவுச்சத்து சீக்கிரமாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறிவிடும். 'சர்க்கரைக்கு நல்லது' என்று நம்பி எத்தனையோ வீடுகளில் காலையில் இதைத்தான் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அம்மாவுக்கு நான் இப்படித்தான் கொடுத்தேன். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள் சோதித்துப் பார்த்த பிறகுதான் கஞ்சியை நிறுத்தினேன். டப்பாவில் வருகிற சத்துமாவுக் கஞ்சிக்கும் இதே கதைதான்.

கேழ்வரகை விட வேண்டாம், கஞ்சியை விடுங்கள். அதே மாவில் வெங்காயம், நிறைய முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டுங்கள். அத்தைக்கு மட்டும் கொஞ்சம் மெத்தென்று எடுத்து, கொள்ளு ரசத்தில் ஊறவைத்துக் கொடுத்தால் பல் இல்லாமலே சாப்பிடலாம். அடையோடு கீரையும் கொள்ளும் சேர்ந்து போவதால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும். ஒரே மாவு, ஒரே கல். மகளுக்கும் அதுவே, இரண்டு அதிகமாக.

இன்னொரு நாளைக்குப் பச்சைப்பயறு தோசை. ஒன்றரை டம்ளர் பயறோடு ஒரு பிடி ரேஷன் அரிசியைச் சேர்த்து ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய் வைத்து அரைத்து அப்படியே வார்க்கலாம், புளிக்க வேண்டியதில்லை. இட்லி என்றால் அத்தைக்கு இரண்டோடு நிறுத்திவிட்டு, காய் நிறையப் போட்ட கெட்டி சாம்பாரைக் கிண்ணம் நிறையக் கொடுங்கள். அந்த ஓட்ஸையும் தனி மாவையும் சத்துமாவு டப்பாவையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம்.

சப்பாத்தி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோதுமை சர்க்கரைக்கு மருந்து இல்லை. இரண்டு சப்பாத்தியில் இருக்கிற மாவுச்சத்தும் ஒரு சின்னக் கிண்ணம் சோற்றில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். பல் இல்லாதவர் ராத்திரி ஒன்பது மணிக்குச் சப்பாத்தியை ஊறவைத்து ஊறவைத்து விழுங்குவதைப் பார்க்க உங்களுக்கே மனசு கேட்காது. சோறே போடுங்கள், அளந்து போடுங்கள். இப்போது நாலு கரண்டி என்றால் இரண்டு. குறைந்த இரண்டு கரண்டியின் இடத்தில் கீரைக் கடைசல், சுரைக்காய்க் கூட்டு, பருப்பு. சாப்பிடும்போது காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். இந்த வரிசைக்கே சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரை குறையும், காசும் செலவில்லை. கஞ்சி வடித்த சோறு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். வடிக்கிறதில் போகிற மாவு கொஞ்சம்தான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் அத்தைக்கு வெள்ளைச் சர்க்கரை மாதிரியேதான்.

ஒரு எச்சரிக்கை. அத்தை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, பேச்சுக் குழறுவது இதற்கு அடையாளம். விழுங்குகிற நிலையில் இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதனால் மருத்துவரிடம் 'சாப்பாட்டைக் குறைக்கப் போகிறோம்' என்று முதலில் சொல்லிவிட்டு, வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். பன்னிரண்டு வருடச் சர்க்கரை, கூடவே பிரஷர் என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று சொன்னால் நான் எழுதுகிற கீரை, கொள்ளு, பருப்பு அளவுகள் அவருக்குப் பொருந்தாது. அப்போது மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்காக அலைய வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

இனி மகள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.2-ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, பேரீச்சம்பழத்தாலும் பீட்ரூட்டாலும் நிச்சயமாக முடியாது. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்க. வந்த பிறகு மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரையை அவர் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகள் இதற்குப் பயந்தே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். மாதவிலக்கில் அதிகமாகப் போகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தருகிற பூச்சி மாத்திரையைப் போட்டாளா என்றும் கேளுங்கள்.

சாப்பாட்டின் வேலை, மாத்திரையால் ஏறினது இறங்காமல் காப்பது. அதற்கு உங்கள் கையில் இருக்கிற முதல் பொருள் ரேஷன் அரிசி. அதைக் களையும்போது சில மணிகள் மேலே மிதப்பதையும், மற்றதைவிடக் கொஞ்சம் வேறு நிறத்தில் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மணியாகவே வார்த்தெடுத்தது. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து கொடுத்தார்கள்; இப்போது உங்களுக்கு வருகிற அரிசியில் அது இருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், உங்கள் மகளுக்கு வேண்டிய சத்து அந்த மணியில் இருக்கிறது. இரண்டு தடவை லேசாகக் களைந்தால் போதும், மிதக்கிறதைக் கொட்டிவிடாதீர்கள். முடிந்த நாட்களில் வடிக்காமல் தண்ணீர் அளந்து வைத்துப் பொங்குங்கள்.

இரண்டாவது, முருங்கைக்கீரை. உங்கள் பக்கம் மரம் இல்லாத தெரு இருக்காது. ஆய்வதற்கு நேரமில்லை என்றுதான் பலர் விடுகிறார்கள். கொத்தாக ஒடித்து வந்து, ராத்திரி ஒரு பழைய பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து ஒரு உதறு உதறினால் இலையெல்லாம் கொட்டிவிடும், காம்பு மட்டும் கையில் நிற்கும். மிஞ்சின இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து இட்லிப் பொடியில் கலந்துவிட்டால், கீரை என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளையும் சாப்பிட்டுவிடும்.

கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பு அவ்வளவு லேசில் உடம்பில் ஒட்டாது. புளிப்புச் சத்தான வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாக ஒட்டும். அடுப்பை அணைத்த பிறகு கீரையில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். இல்லாவிட்டால் சாப்பிட்டதும் ஒரு பெரிய நெல்லிக்காய், பாதிக் கொய்யா. காலையில் அவள் டீ குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாளென்றால் அதை நிறுத்துங்கள். சாப்பாட்டோடு குடிக்கிற டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மாத்திரைக்கும் அப்படியே.

அவள் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறாளா? நீங்கள் எழுதவில்லை. பத்தாவது வரைக்கும் உண்டு, பள்ளி நாளெல்லாம் ஒரு முட்டை வரும். 'அதையெல்லாம் யார் சாப்பிடுவா' என்று தோழிகள் பேசுவார்கள், அந்த வயதில் கூச்சம் இருக்கத்தான் செய்யும். அதட்டாமல் பேசிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து முட்டை உங்கள் பட்ஜெட்டில் சின்ன விஷயமில்லை.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டையும் ஒரு மாதம்கூட விடாதீர்கள். எண்ணெய் நாலு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர் போதும், அதற்கு மேல் போனால் பொரியல் சட்டியைக் கவனியுங்கள். டப்பாக்களை நிறுத்தி மிச்சமாகிற 1,100 ரூபாயில் கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை, கொஞ்சம் முட்டை வாங்கினாலே நாலு பேருக்கும் ஆகும். உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன்தான். அத்தைக்குப் பிரஷர் இருப்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அவர் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். குழம்பில் எல்லாருக்குமே உப்பைக் குறைத்து, வேண்டுகிறவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

சிலிண்டருக்கு: கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு, அரிசி, பருப்போடு அடுக்குப் பாத்திரத்தில் ஒரே குக்கரில் வையுங்கள். கொள்ளு வெந்த தண்ணீரில் ரசம், கொள்ளைத் தாளித்து மசித்தால் அத்தைக்கும் மெல்லுகிற கஷ்டமில்லை. விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். இரண்டு சமையல் ஒன்றானாலே சிலிண்டர் இன்னும் பல நாள் கூட வரும்.

நாலு பேர் என்று எழுதினீர்கள், அத்தையையும் மகளையும் பற்றித்தான் விவரமாகச் சொன்னீர்கள். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரியும் இல்லை. மகளுக்கு 9.2 இருக்கிற வீட்டில் அம்மாவுக்கு எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவளை மருத்துவரிடம் கூட்டிப்போகிற அன்றைக்கே நீங்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த அடையில் உங்களுக்கும் இரண்டு, சூடாக இருக்கும்போதே.

கஞ்சியை நிறுத்திப் பத்து நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின் முதல் வாயிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் அத்தைக்குச் சர்க்கரை பாருங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை கரண்டி என்பதையும் பக்கத்திலேயே குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டைப் பேசலாம்.