குரோமற்றின் மறுசீரமைப்புப் புரதம் டி.என்.ஏயை ஒட்டுமா?

தங்கச்சி, "மறுசீரமைப்புப் புரதங்கள் உடைந்த டி.என்.ஏயை ஒட்டுகின்றன" என்று எழுதியதற்கு ஒப்படையில் புள்ளி குறைத்துவிட்டார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். குறைத்தது சரிதான். ஒட்டுவது லிகேஸ் நொதி. மறுசீரமைப்புப் புரதங்கள் அதற்கு வழி விடுகிறவை.

வீடு பொகவந்தலாவை என்கிறீர்கள். லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பைக் கம்பத்தில் சுற்றி வைப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். உள்சுற்றில் வெடித்திருந்தால், சுற்றிக் கட்ட ரப்பர் துண்டு கையில் இருந்தும் பயனில்லை. முதலில் சுற்றை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கழற்ற வேண்டும். கலத்திலும் அப்படித்தான். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் 8 சேர்ந்த உருளை ஒவ்வொன்றிலும் டி.என்.ஏயின் ஏறக்குறைய 147 கார இணைகள் இறுக்கிச் சுற்றியிருக்கின்றன. இப்படிச் சுற்றிய உருளைதான் நியூக்ளியோசோம்; இவை வரிசையாகச் சேர்ந்தது குரோமற்றின்.

இரண்டு இழைகளும் அறுந்தால் ஏ.டி.எம். என்ற நொதி (காசு எடுக்கும் மெஷின் இல்லை!) பக்கத்து ஹிஸ்டோன்களில் பொஸ்பேற்றை ஒட்டி அடையாளம் வைக்கும். சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடும். மனிதக் கலத்தில் அந்த ஹிஸ்டோனின் பெயர் எச்2ஏ.எக்ஸ். மதுவத்தில் இதே மாதிரி அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் இனோ80 என்ற மறுசீரமைப்புப் புரதத் தொகுதி வந்து சேர்கிறது. அப்புறம் கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.டி.பியைச் செலவழித்து உருளைகளைத் தள்ளும், அல்லது கழற்றும். அதன் பிறகுதான் அறுந்த முனையைச் சீவும் நொதிகளுக்கு இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் ஹிஸ்டோன்களைத் திரும்ப ஏற்றி வைக்க காஃப்-1 போன்ற வேறு புரதங்கள் இருக்கின்றன.

உங்கள் வசனத்தில் "ஒட்டுகின்றன" என்பதை எடுத்துவிட்டு, "ஏ.டி.பி. சக்தியால் நியூக்ளியோசோம்களை நகர்த்தி, திருத்தும் நொதிகள் அணுக வழி செய்கின்றன" என்று போடுங்கள்.