எழுத்துக் கலை படிக்க இருவரும் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கணவரும் வேலையில் இருக்கிறார். அமெரிக்காவின் சிறிய பல்கலைக்கழக நகரம் ஒன்றில், படைப்பெழுத்தில் இரண்டாண்டு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுநிலைப் பட்டம்) படிக்க இடம் கிடைத்துள்ளது. கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உதவி ஆசிரியராக வகுப்பெடுத்தால் ஆண்டுக்கு 9 மாதங்கள் ஊதியம் உண்டு. கணவரும் வேலையை விட்டு உடன் வர விரும்புகிறார். ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துச் சமாளிக்கலாமா?

பதில்: தாராளமாகப் போய்ப் படியுங்கள். ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். முதல் ஆண்டு உங்கள் கணவர் வேலையை விடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே உள்ள "9 மாதங்கள்" என்பதுதான் இந்தக் கணக்கின் மையம். வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி மே மாதம் முடியும். ஊதியமும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இத்தகைய ஊர்களில் வாடகை ஒப்பந்தமோ பொதுவாக 12 மாதங்களுக்கானது. இரண்டு ஒப்பந்தங்களுக்கு 24 மாத வாடகை, கையில் வருவது 18 மாத ஊதியம். மீதி 6 மாதங்களை நீங்கள்தான் சுமக்க வேண்டும். கோடையில் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊரைக் காலி செய்யும்போது, உள்வாடகைக்கு வருபவர் கேட்பதே விலை.

சிறிய ஊர் என்றால் செலவு குறைவு என்பதும் பாதி உண்மைதான். வளாகத்திற்கு நடந்து போகும் தூரத்து வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான மாணவர்கள் போட்டியிடுவதால் அங்கே வாடகை ஏறும். ஊருக்கு வெளியே குறைந்த வாடகைக்குப் போனால், மாலையில் பேருந்து அரிதாகி, கார் வாங்கும் செலவு வந்து சேரும். எழுத்துப் பட்டறையால் பெயர் பெற்ற, அமெரிக்காவின் அயோவா சிட்டியில் 1936 முதல் அந்தப் படிப்பு நடக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ அந்த ஊரை இலக்கிய நகரமாகவும் அறிவித்தது. அத்தகைய ஊரில் வாழ்வது எழுதுபவருக்குப் பெரும் பேறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊரின் பெருமை வாடகையைக் கட்டாது.

கணவர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் விசா. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் செல்பவரின் துணைவருக்குக் கிடைக்கும் எஃப்-2 விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. உங்களுக்கும் பருவ வகுப்புகள் நடக்கும் காலத்தில், வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. உதவி ஆசிரியர் பணியே அதை நிரப்பிவிடக்கூடும். ஆக, இன்று இரு சம்பளத்தில் நடக்கும் குடும்பம் நாளை ஒரு மாணவரின் ஊதியத்தில் நடக்க வேண்டியிருக்கும். அதிலும் வருமான வரி போகும். அவருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அவர் சம்பளம் இங்கே தொடர்ந்தால், உங்கள் கோடை மாதங்களை அதுவே தாங்கும்.

எனவே, புறப்படும் முன் 12 மாத வாழ்க்கைச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள்: ஊதியமில்லாத 6 மாதங்களுக்கும், படிப்பு முடிந்து வேலை தேடும் 6 மாதங்களுக்கும். இதைப் பங்குச் சந்தையில் வைக்காமல், வேண்டும்போது எடுக்கக்கூடிய வைப்பில் வையுங்கள். செலவு டாலரில் என்பதால் நாணய மாற்று ஏற்றத்துக்கும் சற்றுக் கூட்டியே வையுங்கள். இவ்வளவு சேரவில்லையென்றால் கல்விக் கடன் வாங்கி இட்டு நிரப்பாதீர்கள். எம்.எஃப்.ஏ. பட்டம் கல்லூரியில் கற்பிக்கத் தகுதி தரும் என்றாலும், நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. அவற்றுக்கும் பெரும்பாலும் அச்சேறிய நூல் கேட்பார்கள். பட்டத்துக்குப் பின் உங்கள் வருமானம் இன்றைய மொழிபெயர்ப்புச் சம்பளமே என்று வைத்துக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. நிறுவனத்தில் ஊதியமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள்.

ஒப்புதல் கடிதம் அனுப்பும் முன் துறைக்கு எழுதி மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: தள்ளுபடியில் சேராத பிற கட்டணங்கள் எவ்வளவு, கோடையில் வளாகத்தில் வேலை கிடைக்குமா, இரண்டாம் ஆண்டு ஊதியம் உறுதியா, நிபந்தனைக்கு உட்பட்டதா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிதியுதவியோடு வரும் முதுநிலைச் சேர்க்கைக்கு ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. உங்களுடையதும் அந்தப் பட்டியலில் இருந்தால், அதற்கு முன் அவசரப்படுத்தினாலும் நீங்கள் நிதானமாகவே கையெழுத்திடலாம்.