விறைப்பின்மை: உடலா, மனமா? – கடிதம்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றி நீங்கள் எழுதியதை என் மைத்துனர் அனுப்பிப் படித்தேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதும் தைரியம் வந்தது. தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

எனக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி 16 வருடம், இரண்டு பிள்ளைகள். ஒன்றரை வருடமாகத் தாம்பத்தியத்தில் பிரச்சினை. ஆசை இருக்கிறது, ஆனால் விறைப்பு வருவதில்லை. வந்தாலும் நடுவிலேயே போய்விடுகிறது. முதலில் வேலை அலுப்பு என்று நினைத்தேன். போகப் போகக் காலையில் எழும்போது வருவதும் குறைந்துவிட்டது. இப்போது அந்த நேரம் நெருங்கினாலே பயமாக இருக்கிறது. நானாகவே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் என் மனைவி, "வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பேப்பர் விளம்பரம் பார்த்து, லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை வரும் வைத்தியர் ஒருவரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, சின்ன வயசுக் கைப்பழக்கத்தால் நரம்பெல்லாம் தளர்ந்துவிட்டது என்றார். லேகியம், எண்ணெய் என்று நாற்பதாயிரம் செலவு. லேகியம் சாப்பிட்ட முதல் சில நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடிதான். மெடிக்கலில் கேட்டால் மாத்திரை தருவார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கு பிரஷர் உண்டு, மாத்திரை எடுக்கிறேன். சிகரெட் ஒரு நாளைக்கு ஐந்தாறு. சர்க்கரை டெஸ்ட் எடுத்து நாலு வருடம் இருக்கும். அப்பா 56 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார்.

இது உடம்புக் கோளாறா, மனசுக் கோளாறா? இளவயதில் செய்த தப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேனா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இளவயதுக் கைப்பழக்கத்துக்கும் 44 வயதில் விறைப்பு குறைவதற்கும் தொடர்பு கிடையாது. அதனால் நரம்பு தளராது, ரத்தம் வற்றாது, உறுப்பு சிறுக்காது. விந்து ஒன்றும் பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட இருப்பு அல்ல. விரைகள் தினமும் கோடிக்கணக்கில் புதிய உயிரணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியே ஆளைப் படுக்கவைத்துவிடும். விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற நம்பிக்கையில் சோர்ந்து, பயந்து, விறைப்பே வராமல் வந்து நிற்கும் இளைஞர்களை நம் நாட்டு மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். பேராசிரியர் என்.என்.விக் 1960-இலேயே இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பயத்தைத்தான் லாட்ஜ் வைத்தியர்கள் காசாக்குகிறார்கள். பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. எழுபது வருடம் கழித்தும் அப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாற்பதாயிரத்தைவிட, அந்த ஆள் உங்கள் தலையில் ஏற்றிவைத்த பழிதான் பெரிய நஷ்டம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். உடலா மனமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்கள் விஷயத்தில் முதலில் உடலைப் பார்க்க வேண்டும் என்பேன். அதற்கான காரணங்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம். ஆண்குறிக்குள் ரத்தத்தை ஏந்திக்கொள்ளும் திசுவாலான இரண்டு உருளைகள் நீளவாக்கில் இருக்கின்றன. ஆசை எழும்போது மூளையின் கட்டளை முதுகுத்தண்டு வழியாக இறங்கி அங்கே போகிறது. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. தசை தளர்ந்து, தமனி விரிந்து, ரத்தம் பாய்கிறது. புடைத்த திசு வெளியே போகும் சிரைகளை அழுத்திவிடுவதால் ரத்தம் உள்ளேயே நிற்கிறது. இந்த வாயு ரத்தக்குழாயில் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் மார்ச்சில்தான் வயாக்ரா என்ற பெயரில் விற்ற விறைப்பு மருந்தான சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தை முதலில் ஆராய்ந்தது நெஞ்சுவலிக்காக. இதயமும் இந்த உறுப்பும் ரத்தக்குழாய் விஷயத்தில் அவ்வளவு நெருக்கம்.

இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆண்குறிக்குப் போகும் தமனியின் விட்டம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். இதயத் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர். சிகரெட், சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு ஆகியவை குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கும்போது எல்லாக் குழாயும் சேர்ந்துதான் கெடுகிறது. ஆனால் சின்னக் குழாயில் அது முதலில் வெளியே தெரிகிறது. பலருக்கு விறைப்புக் குறைவு வந்து இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இதயக் கோளாறு தலைகாட்டுகிறது. உங்களுக்கு பிரஷர் இருக்கிறது, சிகரெட் இருக்கிறது, அப்பா 56 வயதில் மாரடைப்பில் போயிருக்கிறார். நீங்கள் என் தம்பியாக இருந்திருந்தால் இந்த வாரமே ஈசிஜி எடுக்க இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

அடுத்தது சர்க்கரை. நாலு வருடமாகப் பார்க்கவில்லை என்கிறீர்கள். சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, மற்றவர்களைவிடப் பத்து வருடத்துக்கு மேல் முன்னதாகவே வந்துவிடுகிறது. அது குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். தனக்குச் சர்க்கரை இருப்பதையே இந்தக் குறையை வைத்துத் தெரிந்துகொண்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சிறுநீரை அதிகம் போகவைக்கும் சில மாத்திரைகளும், இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகையின் பழைய மாத்திரைகளில் சிலவும் விறைப்பைக் குறைக்கும். வேறு வகைக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டுப்படாத பிரஷர் அதைவிட மோசமாகக் குழாயைக் கெடுக்கும். மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றுக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு.

மற்ற உடல் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் பெரும்பாலும் ஆசையே குறைந்துவிடும். உங்களுக்கு ஆசை இருப்பதால் அது முதல் சந்தேகம் இல்லை, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடலாம். தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் கோளாறு, முதுகுத்தண்டு அடி, புரோஸ்டேட் ஆபரேஷன், தொடர்ந்த குடி, உடல் பருமன் ஆகியவையும் காரணமாகலாம்.

இனி மனம். பயம் வந்தால் உடல் அட்ரீனலினைச் சுரக்கிறது. அட்ரீனலின் தமனியைச் சுருக்கி, திரண்ட ரத்தத்தை வெளியேற்றிவிடும். அதாவது பயந்த ஆணுக்கு விறைப்பு வராமலிருப்பதுதான் உடலின் ஒழுங்கான வேலை. ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை மனைவியோடு இருப்பதில்லை, தன்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராத மாதிரிதான் இதுவும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் சொன்ன சிகிச்சை இன்றும் பயன்படுகிறது: சில வாரங்களுக்கு உறவே வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுப்பது. தொடலாம், அணைக்கலாம், தடவிக்கொடுக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. பரீட்சை இல்லை என்று தெரிந்ததும் பயம் விலகுகிறது, பயம் விலகியதும் பலருக்கு விறைப்பு தானாகத் திரும்புகிறது.

உடலா மனமா என்று ஓரளவு பிரித்தறியக் காலை விறைப்பு உதவும். நல்ல ஆரோக்கியமுள்ள ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் நேரங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். காலையில் நாம் கவனிப்பது அதில் கடைசி. அது வழக்கம்போல இருந்து, மனைவியிடம் மட்டும் திடீரென்று தோற்றால் மனம்தான் பெரிய காரணம். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் குறைந்தால் குழாயையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை போலத்தான் தெரிகிறது. நைட் ஷிப்ட் தூக்கத்தைக் கெடுத்துக் கணக்கைக் குழப்பியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். எப்படியிருந்தாலும் உடலில் ஆரம்பித்த குறைக்கு மேல், சில தோல்விகளுக்குப் பிறகு பயமும் வந்து ஏறிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

லேகியம் ஏன் முதலில் வேலை செய்தது? நம்பிக்கை பயத்தைக் குறைத்திருக்கலாம். இல்லையென்றால் அதில் சில்டெனாஃபிலே கலந்திருக்கலாம். மூலிகை என்று விற்கப்படும் இந்த மாதிரிப் பொருட்களில் அந்த மருந்து கலந்திருப்பதைப் பல நாடுகளில் சோதனைக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? எதனால் என்றாலும், அந்தச் சில நாள் உங்களுக்கு விறைப்பு வந்தது. குழாயும் நரம்பும் முழுசாகப் போய்விடவில்லை என்று அர்த்தம்.

நண்பர் சொன்ன மாத்திரை அநேகமாக இந்த சில்டெனாஃபில் வகைதான்; அது நல்ல மாத்திரைதான், இதயப் பரிசோதனைக்குப் பிறகு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தால். நீங்களாக மெடிக்கலில் வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்தோடு இது சேர்ந்தால் பிரஷர் அபாயகரமாக இறங்கிவிடும், உயிரே போகலாம். இந்த மாத்திரையைப் போட்ட ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தே ஆளைக் கொன்றுவிடலாம்.

மாத்திரை இல்லாமலும் செய்ய நிறைய இருக்கிறது. சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். தினமும் வேகமாக நடங்கள். பருமனான ஆண்களிடம் இத்தாலியில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தி எடை குறைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, விறைப்பு மருந்து எதுவும் இல்லாமலே, திறன் திரும்பியது.

உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே சொல்லுங்கள். நைட் ஷிப்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கணவனைப் பார்க்கும் பெண்ணுக்குத் தோன்றுவது இரண்டுதான்: இவருக்கு வேறு ஆள் இருக்கிறது, இல்லையென்றால் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டுமே பொய் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரிய பேச்செல்லாம் வேண்டாம். "எனக்கு உடம்புல ஒரு கோளாறு, டாக்டர்கிட்ட போகணும், நீயும் கூட வா" என்பது போதும். இந்தக் கடிதத்தையே காட்டினாலும் சரி. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், 40 முதல் 70 வயது வரையான ஆண்களில் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை என்று அவருக்கும் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போனால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் முதுகுவலி என்று ஆரம்பிப்பார்கள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பி, "சார், இன்னொரு விஷயம்" என்பார்கள். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார். இஎஸ்ஐ கார்டு இருந்தால் அங்கேயே போகலாம், அரசு ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், ஈசிஜி, காலை பத்து மணிக்குள் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன். தேவைப்பட்டால் டிரெட்மில் டெஸ்ட் எழுதுவார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ ஹெச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டாலோ அநேகமாகச் சர்க்கரை நோய்தான், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துவிட்டுச் சிகிச்சை தொடங்குவார்கள். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது இருந்தால் இந்த டெஸ்ட்டுக்கெல்லாம் வரிசையில் நிற்காமல் நேராக இதய மருத்துவரிடம் போய்விடுங்கள். ரிசல்ட் வந்ததும் பிரஷர் மாத்திரையின் பெயரையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.