சினார் இலையை ஏன் எரிக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

நவம்பர் தொடக்கத்தில் குடும்பத்தோடு காஷ்மீர் போய்வந்தோம். ஸ்ரீநகரின் நிஷாத் பாக் தோட்டத்தில் சினார் மரங்கள் செம்பும் பொன்னுமாக நின்றதைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் பெண்கள் அந்த இலைகளைக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அழகை எரிக்க எப்படி மனசு வருகிறது? அவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லையா? நமக்கு இப்படி ஒரு இலையுதிர்காலம் இல்லையே என்றும் ஏக்கமாக இருந்தது. மறுபடி போக ஆசை. எந்த வாரம், எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள்.

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

அழுதுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மரத்தைப் பார்த்து அழ முடிகிறவர்கள் எனக்கு வேண்டியவர்கள். ஆனால் நாலு வரி தள்ளி ‘அருமை தெரியவில்லையா’ என்று கேட்டுவிட்டீர்களே!

நமக்கு இலையுதிர்காலம் இல்லை என்ற ஏக்கத்தை விடுங்கள். மாசியில் முதுமலைப் பக்கம் போய்ப் பாருங்கள், தேக்கெல்லாம் இலை கொட்டி நிற்கும்.

அந்தத் தீயைப் பற்றித்தான் பேச வேண்டும். நீங்கள் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்திருந்தால், அந்தப் பெண்கள் இலையைச் சாம்பலாக விடவில்லை என்பது தெரிந்திருக்கும். குவியல் பற்றிக்கொண்டு உள்ளே கனன்றதும் தண்ணீர் தெளிப்பார்கள். இலை கரியாகும் பதத்தில் தீ அடங்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் சாம்பல், முந்தினால் வெறும் புகை. அந்தக் கரியை ஆறவைத்து மூட்டை கட்டி வைத்துக்கொள்வார்கள். டிசம்பர் 21 அன்று சில்லை கலான் தொடங்கும். நாற்பது நாள் கடுங்குளிர், ஏரி ஓரமெல்லாம் உறையும். அப்போது பெரன் என்ற நீள அங்கிக்குள் கையில் பிடித்திருப்பார்களே கங்கிரி, வில்லோ குச்சியில் பின்னிய கூடைக்குள் மண்சட்டி, அதில் போடத்தான் இந்தக் கரி. கிழவிக்கும் குழந்தைக்கும் அதுதான் சூடு. மின்சாரம் போய்விடும் இரவுகளில் வேறு எதை நம்புவார்கள்?

பல வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர்காலத்தில் புல்வாமா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். வாசலில் பெரிய சினார். அந்த வீட்டு அம்மா சுரைக்காயை நீளநீளமாகச் சீவிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். கூரை விளிம்பிலிருந்து ஏற்கெனவே நான்காகப் பிளந்த கத்திரிக்காய்ச் சரங்கள் தொங்கின. பாயில் தக்காளி காய்ந்துகொண்டிருந்தது. நம் வீட்டில் ஆடிக் காற்றுக்கு முன் வற்றல் போட்டு முடிக்கும் அவசரம் அப்படியே அங்கே இருந்தது. மரம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லும்படி மகனிடம் கேட்டுக்கொண்டேன். அம்மா நிமிர்ந்து கிளைகளை நிதானமாகப் பார்த்தார். போன வருடம் மழை இலையை நனைத்துக் கெடுத்துவிட்டது, இந்த வருடம் கரி நிறைய வரும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை உங்கள் கண்ணீருக்குக் கொஞ்சமும் குறைவாக என்னால் மதிப்பிட முடியவில்லை.

அருமை தெரியாதவர்களா? சினார் தானாக முளைத்த காடு அல்ல. மொகலாயர் தோட்டங்களில் வைத்தது கொஞ்சம். ஜியாரத் என்ற கிராமத்து தர்கா வாசலிலும் ஓடைக்கரையிலும் நிற்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இவர்கள்தான். 1969-இல் வந்த சட்டப்படி, சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் சினாரை வெட்ட முடியாது. மரத்தை வெட்டாமல், தானாக உதிர்ந்ததை மட்டும் எடுத்துக் குளிர் காய்கிறவர்களைப் பார்த்து, விறகுக்கு ஒரு நாளும் அலையாத நாம் கேள்வி கேட்பதா? ஸ்ரீநகரில் காற்று கெடுகிறது, இலை எரிப்பதற்கு அரசு தடை போடுகிறது என்பதெல்லாம் உண்மை. புகையால் மூச்சுத் திணறுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது நெஞ்சுச்சளியின் பேரில் எழும் கேள்வி. நீங்கள் கேட்டது அதுவல்ல, உங்கள் படத்துக்கு வேண்டிய செந்நிறக் கம்பளம் போய்விடுகிறதே என்பது.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தோட்டத்து நிறத்தை மட்டும் பார்த்துத் திரும்பும் பயணங்கள் பெருகப் பெருக எனக்கு இந்த ஆற்றாமை கூடிக்கொண்டே போகிறது. அந்த மாதங்களில் அந்த ஊரே வேலையில் இருக்கிறது. சோப்பூரிலும் சோபியானிலும் ஆப்பிள் பெட்டியேறுகிறது. நெல் அடித்து முடிந்து வைக்கோல் போராகிறது. பனி மூடினால் ஜம்முவுக்குப் போகும் பனிஹால் மலைவழி அடைபடும் என்று ஏற்பட்ட பழக்கம்தான் இந்த வற்றல் சரங்கள். இப்போது, 2025 ஜூனில் கட்ரா–ஸ்ரீநகர் ரயிலே ஓட ஆரம்பித்துவிட்டது. குளிர்காலத்திலும் கடையில் காய் கிடைக்கிறது. அப்படியும் சரம் கோக்கிறார்கள். ஜனவரியில் காய்ந்த கத்திரிக்காய்க் குழம்பு இல்லாவிட்டால் அவர்களுக்குக் குளிர்காலம் வந்ததாகவே இராது.

அப்புறம், நீங்கள் கேட்ட விஷயம். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மழையையும் குளிரையும் பொறுத்து ஒரு வாரம் முன்பின் ஆகும். தோட்டம் என்றால் காஷ்மீர் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் நசீம் பாக். நிஷாத்தைவிட அங்கே மரங்கள் அதிகம்.

ஆனால் ஒரு விடியற்காலையை பாம்பூருக்கு ஒதுக்குங்கள். அதே வாரங்களில்தான் அங்கே குங்குமப்பூ பூக்கிறது. வெயில் ஏறுவதற்குள் குடும்பம் குடும்பமாகக் குனிந்து பறித்து முடிக்க வேண்டும். ஒரு பூவுக்கு மூன்று சிவந்த இழை. ஒரு கிலோ குங்குமப்பூ இழைக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூ. வரப்பில் நில்லுங்கள், கிழங்கு இருக்கும் பாத்தியை மிதிக்காதீர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அவர்களே கூப்பிட்டால் உட்கார்ந்து இழை பிரித்துக் கொடுங்கள், விரல் மஞ்சளாகும். வாங்குவதாக இருந்தால் அந்த வீட்டிலேயே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

அன்புடன்.