வாடகை தின்னும் ஆட்டம்

கேள்வி: விடுமுறைக்கு வந்த பேரன்களோடு ‘பிசினஸ்’ ஆடி, இருந்த ஊரையெல்லாம் விற்றுத் தோற்றேன். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாருங்க?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: புண்ணியவதி, அம்மிணி! இதற்கு மூலம் மொனாப்பலி. அதற்கும் மூலம், அமெரிக்காவில் சுருக்கெழுத்து வேலை பார்த்த எலிசபெத் மேகி. நிலத்தை வளைத்துப் போட்டவன் உட்கார்ந்தபடியே வாடகை தின்பது எவ்வளவு அநியாயம் என்று காட்டத்தான் ஓர் ஆட்டம் செய்து, 1904-ல் காப்புரிமையும் வாங்கினார். வரும்படி எல்லோருக்கும் பங்காகிற மாதிரி இன்னொரு விதிமுறையும் எழுதினார். சனங்களுக்குப் பிடித்தது என்னவோ அடுத்தவனைப் போண்டியாக்கும் விதிதான்.

பல கை மாறிய ஆட்டத்தை சார்லஸ் டாரோ என்பவர் தன் சரக்காக 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு விற்றுப் பெரும் பணக்காரரானார். மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டாலர். விற்பனையில் பங்கு? கிடையாது. 1948-ல் காலமானார்.

எங்கள் வீட்டில் பச்சை வீடுகள் தொலைந்துபோய்ப் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். பம்பாயில் மூன்று கொட்டை வைத்திருந்த மாமன் மகன் இப்போது ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறான். பார்க்கும்போதெல்லாம், “அந்த வாடகை பாக்கி இருக்குதுங்க மாப்ள” என்கிறான்.