பதினாறு ஆண்டு தாமதமாகக் கேட்ட இரண்டு குரல்கள்

கேள்வி: பிரிந்து மீண்டும் சேர்ந்த இசைக்குழு ஒன்றை நேரில் பார்த்திருக்கிறீர்களா? காத்திருந்ததற்கு அது ஈடாக இருந்ததா?

பார்த்திருக்கிறேன். 2025 ஜூலை 12, சனிக்கிழமை மாலை, மான்செஸ்டரின் ஹீட்டன் பூங்காவில் ஒயாசிஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சி. நான் மேற்படிப்புக்காக 2009 செப்டம்பரில் இந்த நகரத்துக்கு வந்து இறங்கியபோது, விடுதி அறையில் கேசட் தேயும் வரை நான் கேட்ட அந்தக் குழு கலைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 28 அன்று பாரிஸ் அருகே நடந்த ஒரு விழாவில், மேடையேற வேண்டிய நேரத்தில் கேலஹர் சகோதரர்கள் சண்டையிட்டுக்கொள்ள, பெரும்பாலான பாடல்களை எழுதிய அண்ணன் நோயல் விலகிவிட்டார். அதே ஆண்டு ஜூனில் இதே பூங்காவில் அவர்கள் பாடியிருந்தார்கள் என்பதை வந்த பிறகு அறிந்தபோது ஏற்பட்ட எரிச்சல் நெடுநாள் தீரவில்லை.

பிரிவுக்குப் பின் இருவரையும் தனித்தனியே பார்த்தேன். நோயல் தம் புதிய குழுவோடு பழைய பாடல்களைப் பாடியபோது, எழுதியவரே பாடுகிறார் என்ற மதிப்பு இருந்தாலும், தம்பி லியமின் அந்த முரட்டுக் குரல் இல்லாததால் பாட்டு பணிவாகிப்போனது. லியம் பாடியபோது குரல் இருந்தது, ஆனால் அண்ணன் பாட வேண்டிய வரிகளைக் கூட்டம்தான் பாடி நிரப்பியது. இரண்டு பாதிகளையும் பார்த்துவிட்டோம், இதற்கு மேல் என்ன என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

2024 ஆகஸ்ட் 27 அன்று மறுசேர்க்கை அறிவிப்பு வந்தது. டிக்கெட் விற்பனை நாளில் ஆறு மணி நேரம் கணினித் திரையின் முன் வரிசையில் காத்திருந்தேன். என் முறை வந்தபோது, 150 பவுண்டு அளவில் இருந்த நின்று பார்க்கும் இடத்தின் விலை 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. இந்த விலையேற்றம் நாடு முழுவதும் புகாராகி, பிரிட்டனின் வணிகப் போட்டி ஆணையம் விசாரிக்கும் அளவுக்குப் போனது. கோபத்தில் திரையை மூடிவிட்டேன். வர முடியாமல் போன ஒருவர் தாம் வாங்கிய விலைக்கே விற்ற டிக்கெட், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கைக்கு வந்தது.

பூங்காவின் அந்தப் பகுதி மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும் புல்வெளி என்பதால், பின்னால் நின்ற எனக்கும் மேடை தெரிந்தது. முதல் பாடலை ஆரவாரத்தில் சரியாகக் கேட்கவே முடியவில்லை. நான் காத்திருந்தது இரண்டாவதாக வந்த 'அக்குவியெஸ்' என்ற பாட்டுக்காக. 1995இல் ஒரு தனிப்பாடல் வெளியீட்டின் மறுபக்கத்தில், ஏதோ மிச்சம்போல வைக்கப்பட்ட பாட்டு அது. அதில் சரணத்தைத் தம்பி பாடுவார், பல்லவியை அண்ணன் பாடுவார். கைகளைப் பின்னால் கட்டி, சற்று உயரத்தில் இருக்கும் மைக்கை அண்ணாந்து பார்த்தபடி லியம் உறுமிக்கொண்டே வர, அந்த உறுமல் முடியும் இடத்தில் நோயலின் மெல்லிய, உயர்ந்த குரல் எழும்பியபோது, தனித்தனி நிகழ்ச்சிகளில் எனக்குக் கிடைக்காதது எது என்று புரிந்தது. இருவரில் எவர் குரல் சிறந்தது என்ற பழைய வாக்குவாதத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரு குரல் மற்றொன்றிடம் பாட்டைக் கைமாற்றும் அந்த நொடியில்தான் இந்தக் குழு இருக்கிறது. நமக்கு ஒருவருக்கொருவர் தேவை என்ற பொருளில் வரும் அந்தப் பல்லவியை, பதினாறு ஆண்டுகள் பேசிக்கொள்ளாமல் இருந்ததாகச் சொல்லப்படும் இருவர் ஒரே மேடையில் நிற்கக் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

குறைகளும் உண்டு. ஏறக்குறைய எல்லா ஊரிலும் அதே 23 பாடல்கள், அதே வரிசையில். 2002க்குப் பிந்தைய பாட்டு ஒன்றுகூட இல்லை. காற்று திரும்பும்போதெல்லாம் ஒலி எங்கோ போய்வந்தது. ஆனால் நோயல், ஜெம் ஆர்ச்சர், 1999இல் விலகித் திரும்பி வந்த போன்ஹெட் ஆகிய மூவரின் கித்தார்களும் ஒன்றாக எழுப்பிய இரைச்சல், எந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலும் நான் கேட்டிராதது. நடுவில் ஒரு பாட்டுக்கு, எல்லாரும் மேடைக்கு முதுகு காட்டித் தோளில் கைபோட்டுக் குதிக்கும்படி லியம் கட்டளையிட்டார். அது மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் ஒரு போலந்துக் கால்பந்துக் குழுவின் ரசிகர்களிடமிருந்து கற்ற வழக்கம். என் பக்கத்தில் எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் சட்டையோடு நின்றவர் ஒரு கணம் தயங்கிவிட்டு அவரும் குதித்தார்.

முடிந்து வெளியேறும்போது, டிக்கெட் இல்லாமல் வேலிக்கு அப்பால் ஒரு மேட்டில் அமர்ந்து முழுவதையும் கேட்டவர்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். டிராம் நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் அவர்களில் ஒரு பெரியவர், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டார்களா என்று கேட்டார். நான் நின்ற இடத்திலிருந்து அப்படி எதுவும் தெரியவில்லை, இருவர் நடுவே சில அடி இடைவெளி இருந்துகொண்டேதான் இருந்தது என்று உண்மையைச் சொன்னேன். மேட்டிலிருந்து கேட்டபோது அந்த இடைவெளி தெரியவில்லை என்றார் அவர்.