வெங்காயமும் கண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

முழு வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தால் ஒன்றும் ஆவதில்லை. வெட்டியதும் கண் கரிக்கிறதே, ஏன்?

கண்ணைக் கரிக்கும் பொருள் முழு வெங்காயத்தில் இல்லை. கத்தி பட்ட பிறகுதான் அது உண்டாகிறது. வெங்காயச் செல்லுக்குள் ஒரு கந்தகச் சேர்மமும், அதை உடைக்கக்கூடிய அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. வெட்டும்போது அறைகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. கலந்து உண்டாவதை இன்னொரு நொதி சட்டென்று ஆவியாகும் ஒரு பொருளாக மாற்றிவிடுகிறது. இந்த இரண்டாவது நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் அடையாளம் கண்டார்கள். ஆவி கருவிழியில் பட்டதும் அங்குள்ள நரம்பு முனைகள் உறுத்தலை உணர்கின்றன. அதைக் கழுவித் தள்ளக் கண்ணீர் சுரக்கிறது. பூண்டிலும் அல்லினேஸ் உண்டு. ஆனால் அதன் வேதிவினை வேறு பாதையில் போவதால், பூண்டு நறுக்கி யாரும் அழுவதில்லை.

ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். உண்மையில் பலன் தருவது எது?

முதலில் கத்தி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மழுங்கிய கத்தி வெங்காயத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. செல்கள் கூடுதலாக உடைகின்றன. அழுத்தம் தாங்காமல் சாறு நுண்துளிகளாகத் தெறிக்கிறது. ஒரு தக்காளியின் தோல்மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் அறுபட்டால் கூர் போதும். வழுக்கினால் தீட்டிவிட்டு வெங்காயத்தை எடுங்கள்.

அடுத்தது வெட்டும் முறை. நுனியை மட்டும் சீவிவிட்டு, வேர்ப்பக்கத்தை அப்படியே விடுங்கள். நுனியிலிருந்து வேர் வரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தோலை உரித்து, வெட்டிய முகம் பலகையில் படும்படி கவிழ்த்து வையுங்கள். முகம் கீழே இருந்தால் ஆவி மேலே வருவது குறையும். பிறகு வேருக்கு ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தி நீளக் கீறல்கள் போட்டு, குறுக்கே நறுக்கிக்கொண்டு வாருங்கள். வேர் இதழ்களைப் பிடித்துக்கொண்டிருப்பதால் துண்டுகள் சிதறாது, வேலையும் சீக்கிரம் முடியும். கத்தியை ஓங்கிக் கொத்தாமல், முன்னும் பின்னும் இழுத்து நிதானமாக அறுங்கள், தெறிப்பு குறையும். நறுக்கியதை உடனுக்குடன் மூடியுள்ள பாத்திரத்தில் தள்ளிவிடுங்கள். பலகையில் குவித்து வைத்தால் குவியலிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது காற்று. சிறிய மேசை விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, ஆவியை முகத்துக்குக் குறுக்கே விரட்டுங்கள். எதிரே வைத்தால் காற்று ஆவியை முகத்துக்கே கொண்டுவரும். தலைக்கு மேல் சுற்றும் விசிறியும் அவ்வளவு உதவாது, ஆவியை அறைக்குள்ளேயே சுழற்றும். அடுப்புக்கு மேல் புகைபோக்கி இருந்தால் அதை ஓடவிட்டு அதனடியில் நறுக்கலாம். எப்படியானாலும் பலகைமேல் குனியாதீர்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் போதுமா? ஃப்ரீசர் இன்னும் நல்லதா?

குளிரில் நொதிகளின் வேகம் குறையும், ஆவியாவதும் குறையும். அரை மணி நேரம் வைத்தால் எரிச்சல் ஓரளவு தணியும், முழுதும் நிற்காது. ஃப்ரீசர் வேண்டாம். உள்ளே பனிப் படிகங்கள் உருவாகிச் செல்களைக் கிழித்துவிடும். உருகியதும் வெங்காயம் தொளதொளத்துச் சாறு கக்கும். முழு வெங்காயத்தை நாள்கணக்கில் ஃப்ரிட்ஜில் சேமிப்பதும் தவறு. ஈரத்தில் மென்மையாகி முளைவிட்டுவிடும்.

தண்ணீரில் போட்டு வைத்து நறுக்கலாமா?

உரித்துப் பிளந்த துண்டுகளைப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால், வெட்டிய முகத்தின் சாறு கழுவப்படும். ஆனால் புதிதாக வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் புதிய சாறு வருமே! காரமும் கொஞ்சம் நீரோடு போகும். ஈர வெங்காயம் வழுக்கும் என்பதால், துணியால் ஒற்றி எடுத்த பிறகே கத்தி வையுங்கள்.

வாயில் ரொட்டித் துண்டு, பக்கத்தில் மெழுகுவர்த்தி?

இரண்டையும் நம்ப வேண்டாம். ரொட்டி கண்ணை மூடாது. மெழுகுவர்த்திச் சுடர் தன்னை ஒட்டிய காற்றை மட்டுமே இழுக்கும். கிலோக்கணக்கில் நறுக்குகிறவர்கள் நீச்சல் கண்ணாடி அணியலாம். அது கண்ணைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்துவதால் ஆவி நுழையாது. சாதாரண மூக்குக்கண்ணாடியில் நாலு பக்கமும் இடைவெளி இருக்கிறது.

மிக்ஸியில் அடித்தால் தொல்லை இல்லையே?

மூடியைத் திறக்கும்வரை இல்லை. அடைபட்ட ஆவி மொத்தமும் திறந்ததும் எழும்பும். முகத்தை விலக்கி, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறந்து, சற்றுப் பொறுத்துக் கிட்டே போங்கள்.

எரிச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது?

கையால் கசக்காதீர்கள். விரலில் இருக்கும் சாறு நேராகக் கண்ணுக்குப் போய்விடும். பலகையை விட்டு விலகிக் காற்றோட்டமான இடத்தில் நின்று கண்ணைச் சிமிட்டுங்கள். சில நிமிடங்களில் கண்ணீரே கழுவிவிடும். சாறே கண்ணில் தெறித்திருந்தால், சோப்புப் போட்டுக் கை கழுவியபின் சுத்தமான நீரால் கண்ணை அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கை கழுவாமல் லென்ஸைத் தொடவே கூடாது. அலசிய பிறகும் வலியோ மங்கலோ நீடித்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.